எஞ்சின் மாற்றிய காரில் சூடு ஏறுகிறதா? ரேடியேட்டரைக் கழற்றும் முன் வயரைப் பாருங்கள்

கத்திரி வெயில் தொடங்கியதும் சென்னைப் பட்டறைகளுக்கு ஒரு வகை வண்டி வரத் தொடங்கும். வெளியே கார்புரேட்டர் காலத்து மாருதி 800. உள்ளே பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பார்த்துப் பார்த்து வாங்கிய எம்.பி.எஃப்.ஐ. (கணினி அளந்து பெட்ரோல் தெளிக்கும்) எஞ்சின். மவுண்ட் வெல்டிங் அழகாக இருக்கும், சாவியைத் திருப்பினால் ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆகும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போனாலும் சூட்டு முள் அசையாது. ஊருக்குள் திரும்பி, கிண்டியில் நெரிசலில் நின்றால் முள் சிவப்பை நோக்கி ஏறும். அதற்குள் உரிமையாளர் ரேடியேட்டரைச் சுத்தம் செய்திருப்பார், தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்திருப்பார், “அண்ணே, பெரிய ரேடியேட்டர் போட்டுவிடலாமா?” என்று கேட்டுக்கொண்டு நிற்பார்.

ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது சூடானால் பெரும்பாலும் தண்ணீர் ஓட்டத்தில் குறையில்லை, காற்றோட்டத்தில்தான் குறை. ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று போதும். நிற்கும் வண்டிக்கு ஃபேனை விட்டால் வேறு கதியில்லை. அந்த ஃபேனுக்கு எஞ்சின் மாற்றத்தில் ஒரு விபரீதம் நேர்கிறது. பழைய வண்டியின் வயரிங் ஒன்று, புதிய எஞ்சினோடு வந்த வயரிங் ஒன்று. பெண் வீட்டார் பார்த்துக்கொள்வார்கள் என்று மாப்பிள்ளை வீட்டாரும், மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொள்வார்கள் என்று பெண் வீட்டாரும் பந்தியைக் கவனிக்காமல் விட்டதுபோல, ஃபேனுக்கு உத்தரவு போடுவது யார் என்பதை யாரும் முடிவு செய்யாமலே வண்டி வெளியே போய்விடுகிறது.

காகித வேலையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. எஞ்சினைத் தூக்கி வைக்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்து அனுமதி பெறுங்கள், புதிய எஞ்சின் எண்ணை ஆர்.சி.யில் ஏற்றுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் பெரும்பாலும் வண்டியை விற்கும்போதுதான் அலைகிறார்கள்.

கை வைப்பதற்கு முன்

12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், டிஜிட்டல் மல்டிமீட்டர், முதலைக் கிளிப் வைத்த இரண்டு நீள வயர்கள், அவற்றில் ஒன்றின் நடுவே 20 ஆம்பியர் ஃபியூஸ். ஈ.சி.எம். (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) உள்ள எஞ்சின் என்றால் அதைப் படிக்க ஒரு ஸ்கேனர். ரிச்சி தெருவில் ஒரு நடை நடந்தால் ஏறக்குறைய எல்லாம் கிடைத்துவிடும்.

பேட்டரியை முதலில் அளந்துவிடுங்கள். எஞ்சின் நின்ற நிலையில் 12.5 வோல்ட்டாவது இருக்க வேண்டும். கூலன்ட் நிரம்பியிருக்க வேண்டும், உள்ளே காற்று அடைத்திருக்கக் கூடாது. சென்சாரின் முனை காற்றுக்குமிழியில் நின்றால், எஞ்சின் கொதித்தாலும் அது குளிர்ந்த கணக்கையே ஈ.சி.எம்.முக்குச் சொல்லும். கழற்றிய தெர்மோஸ்டாட்டையும் திரும்பப் போடுங்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும், ஈ.சி.எம். பெட்ரோலை அதிகமாக ஊற்றிக்கொண்டே இருக்கும், நீங்கள் எடுக்கும் அளவுகளும் குழம்பிப்போகும்.

இரண்டு எச்சரிக்கைகள். சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும் நீர், மூடியைத் தளர்த்தியதும் முகத்தில் பொங்கும். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும். இறக்கைக்குள் விரல் போக வேண்டிய வேலை என்றால் ஃபேனின் கப்ளரை (வயர்களைச் சேர்க்கும் பிளக்) கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

பிறகு ஒரு தாளை எடுத்து ஃபேனின் வழியை வரைந்துகொள்ளுங்கள். உத்தரவு மூன்று இடங்களிலிருந்து வரலாம். பழைய முறையில் ரேடியேட்டரிலோ தண்ணீர்க் குழாயிலோ திருகியிருக்கும் தெர்மோ சுவிட்ச். புதிய முறையில் எஞ்சினின் சூட்டு சென்சாரைப் படித்து, ரிலேக்கு (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்) எர்த், அதாவது மைனஸ் இணைப்பு, கொடுக்கும் ஈ.சி.எம். மூன்றாவது ஏ.சி. பெரும்பாலான கார்களில் ஃபேன் ஓடத் தொடங்குவது 90-க்கும் 100-க்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு டிகிரியில். உங்கள் வண்டியில் மூன்றில் எது உயிரோடு இருக்கிறது, எது டேப் சுற்றிய நுனியாகத் தொங்குகிறது என்பதைத் தாளில் குறித்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

ஃபேன் சுற்றவே இல்லை

ஃபேனிலிருந்து பின்னோக்கிப் போங்கள். கப்ளரைக் கழற்றி, ஃபியூஸ் வைத்த வயரால் பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுங்கள். சுற்றவில்லையென்றால் மோட்டார் போய்விட்டது, மேலே படிக்கத் தேவையில்லை. சுற்றினால் கப்ளரைத் திரும்ப மாட்டிவிட்டு ரிலேக்கு வாருங்கள்.

ரிலேயின் கால்களில் 30, 87 ஃபேனின் வலுவான மின்சாரம் போகும் கான்டாக்ட், 85, 86 அதை இழுத்து மூடும் காயில். ரிலேயைப் பிடுங்கி, சாக்கெட்டில் 30-ஐயும் 87-ஐயும் அதே ஃபியூஸ் வயரால் இணையுங்கள். இப்போதும் ஃபேன் சுற்றவில்லையென்றால் முதன்மை ஃபியூஸ், 30-க்கு வரும் வயர், 87-இலிருந்து ஃபேனுக்குப் போகும் வயர், ஃபேனின் எர்த் இவற்றில் ஒன்று அறுந்திருக்கிறது. சுற்றினால் வலுவான பக்கம் சரி, குறை உத்தரவுப் பக்கத்தில் இருக்கிறது. சாவியை ஆன் செய்து 86-இல் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ரிலேயை மாட்டி 85-ஐ எர்த்தில் தொடுங்கள். ‘டிக்’ என்று ரிலே அடித்து ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றினால், எர்த் கொடுக்க வேண்டியவர் கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

ரிலே எண்களில் ஒரு பொறி இருக்கிறது. ஒரே அளவு, ஒரே தோற்றம் கொண்ட ரிலேக்களில் இரண்டு அமைப்புகள் உண்டு. ஒன்றில் 30 இருக்கும் இடத்தில் மற்றொன்றில் 86 இருக்கும். சில ஜப்பானிய ரிலேக்களில் இந்த எண்களே இருக்காது. அங்கே 1, 2 காயில், 3, 5 கான்டாக்ட். அதனால் சாக்கெட்டைப் பார்த்து ஊகிக்காமல், கையில் இருக்கும் ரிலேயின் மேல் அச்சிட்ட படத்தைப் பாருங்கள். உள்ளே டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் உறுப்பு) வைத்த ரிலே என்றால் 85, 86 இரண்டையும் மாற்றிக் கொடுக்கவே கூடாது. காயிலைத் தாண்டி டையோடு வழியாக மின்சாரம் நேராகப் பாய்ந்து, ஃபியூஸ் எரியும் அல்லது ஈ.சி.எம். உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் எரியும்.

எர்த் ஏன் வரவில்லை? தெர்மோ சுவிட்ச் முறை என்றால் அதன் இரண்டு வயர்களையும் ஒன்றாகத் தொட்டுப் பாருங்கள். ஃபேன் சுற்றினால் சுவிட்ச் கெட்டது, அல்லது சுவிட்ச் இருக்கும் இடத்தில் சூடான தண்ணீர் ஓடவில்லை. மாற்றிய எஞ்சின்களில் இது சகஜம். குழாய்களின் வழி மாறியதால், அடைத்துப் போட்ட ஒரு கிளைக்குழாயில் சுவிட்ச் மாட்டிக்கொண்டிருக்கும். ஈ.சி.எம். முறை என்றால் ஸ்கேனரில் கூலன்ட் சூடு எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். 100-ஐத் தாண்டியும் எர்த் வரவில்லையென்றால், பெரும்பாலும் அந்த ஈ.சி.எம்.மில் ஃபேனுக்கு உரிய காலிலிருந்து வர வேண்டிய வயர் உங்கள் ரிலேயை வந்து சேரவேயில்லை. புதுப்பேட்டையில் எஞ்சினை இறக்கும்போது ஃபேன் பக்கத்து வயரிங் முன்பக்க உடம்போடு போய்விடும், உங்களுக்குக் கிடைப்பது ஒரு சாண் நீளத்தில் வெட்டிய நுனி.

அந்த நுனியைப் பழைய தெர்மோ சுவிட்ச் வயரோடு முறுக்கி விடுபவர்கள் இருக்கிறார்கள். சில பழைய வண்டிகளில் ரிலேயே கிடையாது, ஃபேனின் முழு மின்னோட்டமும் அந்தச் சுவிட்ச் வழியாகத்தான் போகும். ரிலே காயில் இழுப்பது 150, 200 மில்லி ஆம்பியர். ஃபேன் மோட்டார் இழுப்பது 10 ஆம்பியருக்கு மேலும் போகும். ஈ.சி.எம். தாங்குவது முதலாவதை மட்டுமே. நடுவில் ரிலே இல்லாமல் ஈ.சி.எம். வயரை ஃபேனோடு சேர்க்காதீர்கள்.

(மோட்டாரிலேயே கட்டுப்பாட்டுப் பெட்டி பொருத்திய புதிய வகை ஃபேன்களுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அவற்றில் இரண்டு தடித்த வயர்களோடு ஒல்லியான சிக்னல் வயர் ஒன்றிரண்டு இருக்கும். அந்த ஒல்லி வயரில் 12 வோல்ட் கொடுத்தால் பெட்டி போய்விடும்.)

ஃபேன் சுற்றுகிறது, ஆனால் சூடு இறங்கவில்லை

முதலில் திசை. நேர் மின்சார மோட்டாருக்கு நேரும் எதிரும் மாறினால் அது தலைகீழாகச் சுற்றும், ஆனால் சுற்றும். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஃபேன் ஓடும்போது நாளிதழ்த் தாள் ஒன்றை முன் கிரில்லுக்கு அருகில் பிடியுங்கள். ரேடியேட்டருக்குப் பின்னால் பொருத்திய ஃபேன் தாளை உள்ளே இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். தாள் உங்களை நோக்கிப் பறந்தால் கப்ளரில் இரண்டு வயர்களையும் மாற்றுங்கள்.

திசை சரி என்றால் எர்த். எஞ்சின் மாற்றிய வண்டிகளில் நான் அதிகம் சந்தேகப்படுவது இதைத்தான். எஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. உடம்புக்கும் எஞ்சினுக்கும் இடையே தடித்த எர்த் பட்டை ஒன்று இருந்தாக வேண்டும். வேலையின் அவசரத்தில் அதை மாட்ட மறந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஏனென்றால் மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிளையும் கியர் கேபிளையும் பிடித்துக்கொண்டு திரும்பிவிடும். ஸ்டார்ட் செய்த பிறகு ஆக்சிலரேட்டர் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் வேறு சோதனையே வேண்டாம்.

எர்த்தை ஓம் மீட்டரில் அளப்பவர்களுக்கு எப்போதும் நல்ல செய்திதான் கிடைக்கும். இருபது இழைகளில் ஒன்றே ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் சுழியம் காட்டும், பீப் அடிக்கும். சுமை ஏற்றி அளக்க வேண்டும். எஞ்சினையும் ஃபேனையும் ஓடவிடுங்கள். மீட்டரை வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸ் தலையில் அழுத்துங்கள், சிவப்பு முனையை ஃபேன் கப்ளரின் பின்பக்கம் வழியாக எர்த் வயரில் செருகுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பிறகு பேட்டரியின் பிளஸ் தலைக்கும் ஃபேனின் பிளஸ் வயருக்கும் இடையே. இங்கே அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

இப்படி அளந்த ஒரு வண்டியில் பேட்டரியில் 13.8 வோல்ட், ஃபேன் முனைகளுக்கிடையே 11.2. மீதி 2.6 எங்கே? பிளஸ் பக்கம் 0.7, எர்த் பக்கம் 1.9. ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் எர்த் லக்கைப் பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றினால், வாஷரின் ஒரு முகம் பளபளப்பாக இருந்தது, மறுமுகத்தில் எஞ்சின் அறைக்குப் புதிதாக அடித்த பெயிண்ட் வட்டமாக ஒட்டியிருந்தது. மின்சாரம் போல்ட்டின் மரை வழியாக மட்டுமே போய்வந்திருக்கிறது. பெயிண்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூசியதும் எர்த் பக்கம் 0.1-க்கு இறங்கியது. ஃபேனின் சத்தமே மாறிவிட்டது.

திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் நிற்கும் வண்டிகளுக்கு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். பழைய வயரிங் வாங்குவோர் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் இந்த ஊரில் எத்தனையோ கார்கள் மூழ்கின. மூழ்கிய வண்டியின் வயரை வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கப்ளருக்கு ஓர் அங்குலம் தள்ளி உறையைக் கீறினால் செம்பு பச்சையாகவோ கறுப்பாகவோ களிம்பேறியிருக்கும். அந்தக் களிம்பில் ஈயம் ஒட்டாது. அப்படிப்பட்ட வயரைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

குளிரில் சுற்றுகிறது, சூடானதும் நிற்கிறது

ஐந்து கால் ரிலேயில் ஃபேன் வயரை 87-க்குப் பதில், ரிலே அடிக்காதபோது மட்டும் இணைந்திருக்கும் 87ஏ-இல் செருகியிருக்கிறார்கள். ஒரு வயரை இடம் மாற்றினால் தீர்ந்தது.

சாவி போட்டதும் சுற்றத் தொடங்கி, நிற்பதேயில்லை

ரிலேயைப் பிடுங்குங்கள். பிறகும் ஃபேன் சுற்றினால் ரிலேயைத் தாண்டி எங்கோ நேர் இணைப்பு இருக்கிறது. நின்றால், ரிலேயை மாட்டி 85 வயரை மட்டும் விடுவியுங்கள். அப்போதும் சுற்றினால் ரிலேயின் கான்டாக்ட் உருகி ஒட்டிக்கொண்டது. நின்றால், யாரோ எர்த் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அந்த யாரோ பெரும்பாலும் ஈ.சி.எம். சூட்டு சென்சாரின் வயர் அறுந்தால் பல ஈ.சி.எம்.கள் பாதுகாப்புக்காக ஃபேனை நிறுத்தாமல் ஓட்டும். ஸ்கேனரில் கூலன்ட் சூடு மைனஸ் 40 டிகிரி என்று காட்டும். சென்னையில் அது சாத்தியமில்லை என்பதால் முடிவுக்கு வருவது சுலபம். ஸ்கேனர் காட்டும் கோளாறுக் குறியீடு பி0118. வயர் எர்த்தில் உரசினால் நேர்மாறாக 130, 140 என்று காட்டும், குறியீடு பி0117.

சென்சாரையே சோதிக்க ஓம் மீட்டர் போதும். பரவலாகப் புழங்கும் ஜப்பானிய வகை சென்சாரில் 20 டிகிரியில் 2.2 முதல் 2.7 கிலோ ஓம், நம்மூர் நிழல் வெப்பத்தில் ஏறக்குறைய ஒன்றரை கிலோ ஓம், 80 டிகிரியில் 0.3 கிலோ ஓம் அளவு வரும். கழற்றி வெந்நீரில் முனையை நனைத்துப் பார்க்கலாம், பாத்திரத்தை வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள். சூடு ஏற ஏற அளவு சீராக இறங்க வேண்டும். எங்காவது துள்ளினால் சென்சாரை மாற்றுங்கள்.

முள் பொய் சொல்கிறது

மீட்டர் போர்டு பழைய வண்டியுடையது, எஞ்சின் புதியது. இங்கே இரண்டு வேறு பொருள்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். முள்ளுக்கு உரியது ஒற்றை வயர் சென்டர் (sender, முள்ளுக்குச் சூட்டைத் தெரிவிக்கும் உறுப்பு), அதன் எர்த் அதன் மரை வழியாகவே எஞ்சினுக்குப் போகிறது. ஈ.சி.எம்.முக்கு உரியது இரண்டு கால் சென்சார், அதற்கு ஈ.சி.எம். 5 வோல்ட் கொடுத்துப் படிக்கிறது. முள் வயரை ஈ.சி.எம். சென்சாரோடு சேர்த்தால் இரண்டுமே கெடும். முள் எங்கோ நிற்கும், ஈ.சி.எம். எஞ்சின் கொதிப்பதாகவோ உறைவதாகவோ நினைத்துக்கொள்ளும், காலையில் ஸ்டார்ட் ஆகாது அல்லது கறுப்புப் புகை தள்ளும். சரியான வழி, பழைய எஞ்சினின் சென்டரையே புதிய எஞ்சினில் பொருத்துவது. துளை சேராவிட்டால் அம்பத்தூரிலோ கிண்டியிலோ லேத்தில் பித்தளைப் புஷ் கடைந்து தருவார்கள்.

பழைய வகை மீட்டர்களில் சென்டர் வயரைக் கழற்றி ஒரு கணம் எர்த்தில் தொட்டால் முள் சூட்டுப் பக்கம் முழுதாக ஏற வேண்டும், எடுத்தால் இறங்க வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டரும் வயரும் நலம், குறை சென்டரில். சென்டரைத் திருகும்போது மரையில் வெள்ளை டேப்பை நாலு சுற்றுச் சுற்றினால் எர்த் தடைபட்டு முள் குறைவாகவே காட்டும், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும். ஹெட்லைட் போட்டதும் முள் துள்ளினால் மேலே சொன்ன எர்த் பகுதிக்கே திரும்பிப் போங்கள்.

சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் ஓடுகிறது

பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்ட வண்டிகளில் சில இந்த வகை. ஃபேனின் 30-க்குப் பேட்டரியிலிருந்து தனி வயர் இழுக்காமல், சாவியிலிருந்து வரும் லைனிலேயே எடுத்திருப்பார்கள். சாவியைத் திருப்பியதும் மின்சாரம் நிற்கிறது, ஆனால் வேகத்தில் இருக்கும் ஃபேன் உடனே நிற்பதில்லை. சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் ஜெனரேட்டராகி, இன்னும் மூடியிருக்கும் ரிலே வழியாக அதே லைனுக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறது. அதில் ஈ.சி.எம்.மும் இக்னிஷன் காயிலும் சில நொடிகள் உயிரோடு இருக்கின்றன. 30-க்குப் பேட்டரியிலிருந்து நேராக, பேட்டரிக்கு அருகிலேயே தனி ஃபியூஸ் வைத்து வயர் இழுங்கள். சாவி லைன் 86-க்கு மட்டும் போகட்டும். ஃபேன் கப்ளரைக் கழற்றியும் இந்தக் கோளாறு தொடர்ந்தால் ஆல்டர்னேட்டரின் சார்ஜ் லேம்ப் வயரைப் பாருங்கள், அதுவும் இதே வேலையைச் செய்யும்.

ஏ.சி. போட்டால் மட்டும் சூடு

பெரும்பாலான கார்களில் ஏ.சி. போட்ட உடனே, எஞ்சின் சூடு எதுவாக இருந்தாலும், ஃபேன் ஓட வேண்டும். ஓடவில்லையென்றால் ஏ.சி.யின் உத்தரவு ரிலேக்கு இணைக்கப்படவில்லை. ஏ.சி. பக்கமும் எர்த்தாகவே உத்தரவு தருகிறது என்றால் இரண்டு உத்தரவுகளையும் 85-இல் சேர்க்கலாம், ஒவ்வொன்றிலும் ஒரு 1என்4007 டையோடு வைத்து. கோடு போட்ட முனை ஈ.சி.எம். அல்லது ஏ.சி. சுவிட்ச் பக்கம் இருக்க வேண்டும். ஏ.சி. பக்கம் 12 வோல்ட்டாக உத்தரவு வந்தால் டையோடு வித்தை வேண்டாம், இரண்டாவது ரிலே ஒன்று வைத்துவிடுங்கள்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது

ஃபியூஸ் காப்பாற்றுவது ஃபேனை அல்ல, வயரை. 15 போகிறது என்று 30 போடுபவர் எரியும் இடத்தை ஃபியூஸ் பெட்டியிலிருந்து டேஷ்போர்டுக்குப் பின்னால் மாற்றுகிறார், அவ்வளவே. ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள், பேரிங் இறுகிய மோட்டார் அதிகம் இழுக்கும். கிளாம்ப் மீட்டரில் ஓடும் ஆம்பியரை அளந்து, தொடக்கத்தில் அதைவிட இரண்டு மூன்று மடங்கு இழுக்கும் என்பதையும் நினைவில் வைத்து, வயர் கனத்தையும் ஃபியூஸையும் சேர்த்தே தேர்ந்தெடுங்கள். சிறிய கார் ஃபேனுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்குக் கீழே போக வேண்டாம்.

வயரிங் சரியாக இருந்தும் சூடு ஏறினால்

நண்பகலில், பானெட்டை மூடி, வண்டியை நின்ற இடத்திலேயே அரை மணி நேரம் ஓடவிடுங்கள். ஸ்கேனரில் சூடு ஏறி, ஃபேன் ஓடி, இறங்கி, மறுபடி ஏறும் அந்தச் சுற்று ஒரே அளவில் திரும்பத் திரும்ப வர வேண்டும். ஃபேன் முழு வேகத்தில் ஓடியும் சூடு ஏறிக்கொண்டே போனால், அல்லது நெடுஞ்சாலையில்தான் சூடாகிறது என்றால், மல்டிமீட்டரைக் கீழே வைத்துவிடலாம். வாட்டர் பம்ப், அடைத்த ரேடியேட்டர், ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே கூடு இல்லாமை என்று பார்க்க வேண்டியது வேறு வரிசை. ரிசர்வ் பாட்டிலில் குமிழ்கள் விடாமல் வருகின்றன, காலையில் கூலன்ட் குறைந்திருக்கிறது என்றால் ஹெட் கேஸ்கெட். அந்த வண்டியை ஓட்டாமல் இழுத்துக்கொண்டு போங்கள்.